கீழே பார்க்கும் அம்பு

தன் வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் ஒரு மரத்தை வெட்ட நினைக்கிற மனிதன் முதலில் ஓர் அரசரைத் தோற்கடிக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். நியூ ஹாம்ப்ஷையர் மலையடிவாரத்தில் குடியிருந்த ஜோதம் ஸ்வெயினுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

மரம் அவன் நிலத்தில்தான் நின்றது. ஆனால் ஓர் அடிக்கு மேல் பருத்த வெள்ளைப் பைன் எவன் நிலத்தில் முளைத்தாலும், கடலுக்கு அப்பால் இருக்கும் இங்கிலாந்து அரசரின் கப்பல்களுக்குப் பாய்மரமாக வேண்டியது என்று சட்டம் இருந்தது. அரசரின் மர அதிகாரி பெலெக் ஃப்ராஸ்ட், மாவு தூவிய பொய்முடியும் பட்டுக் காலுறையுமாக வந்து, பட்டையில் மூன்று வெட்டு வெட்டி, மேலே பார்க்கும் அம்பு ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு மரத்தில் இடி விழுந்தது. உள்ளே உளுத்துப் போய், ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஜோதமின் கூரைப் பக்கம் சாய்ந்தது. அவன் தன் கையாலேயே கட்டிய வீடு அது. அதைவிட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"துரை, தட்டிப் பாருங்க. தவில் மாதிரி சத்தம் வருது. இதைக் கப்பல்ல நட்டா கப்பல் சிரிக்கும்" என்றான் ஜோதம்.

"உளுத்ததா இல்லையான்னு அரசர்தான்ப்பா சொல்லணும்."

"அவர் லண்டன்லல்ல இருக்காரு?"

"அதனாலதான் தாமதம்."

"அதுக்குள்ள விழுந்துட்டா?"

"விழுந்தாலும் அரசரோட மரம்தான். தொடக்கூடாது. விழுந்த இடத்துலயே கிடக்கணும்."

"என் வீட்டு மேலயா?"

"வீட்டை யாரு அங்க கட்டச் சொன்னா?"

இப்படிப்பட்ட நியாயங்களைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே வயிறு எரிந்தது. ஒருநாள் விடியற்காலையில் ஊர்க்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, சத்திரத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெலெக்கை மிலாறால் விளாசி, அவருடைய குதிரையின் வாலையும் சிரைத்து அனுப்பிவைத்தார்கள். பிறகு போர் வந்தது. மற்றவர்கள் சுதந்திரத்துக்காகப் போனார்கள். ஜோதம் மரத்துக்காகப் போனான். பனியில் ஒரு கால்விரலை இழந்து, அரசரை முறைப்படி தோற்கடித்துவிட்டு வீடு திரும்பினான்.

மரம் இன்னும் சாய்ந்திருந்தது.

"அரசனையே விரட்டியாச்சே, இந்த எழவை இப்பவாவது வெட்டித் தொலைங்க" என்றாள் மனைவி மெஹிட்டபெல்.

"அடியே, இப்ப நாமதான் ராஜா. திருட்டுத்தனமா எதுக்கு வெட்டணும்? நம்ம சபையைக் கேட்டு, தலை நிமிர்ந்து வெட்டுவேன்."

சனியனை விலைக்கு வாங்குவது என்பார்களே, அதுதான் இது. அந்த ஊர்க்காரர்களுக்குச் சுதந்திரத்துக்கு முன்பே ஊர்ச்சபைப் பித்து உண்டு. வந்த பிறகு அது முற்றிவிட்டது. ஜெபக்கூடத்தில் கூடுவார்கள். அரசரின் தேயிலை தீண்டத்தகாதது ஆகிவிட்டதால், ராஸ்பெர்ரி இலையைக் கொதிக்கவைத்து, சுதந்திரத் தேநீர் என்று பெயர் வைத்து, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு குடித்துவிட்டு "ஆஹா" என்பார்கள். பட்டு போய், முழங்கையைச் சொறியவைக்கும் கைநெசவுக் கம்பளி வந்திருந்தது. யார் அதிகம் சொறிகிறாரோ அவரே பெரிய தேசபக்தர்.

அவைத் தலைவர் ஸாடாக் டார்பெல் சொறிவதில் ஊரிலேயே முதல்வர். அவர் எழுந்தார்.

"அரசரோட சொத்தெல்லாம் இனி மக்கள் சொத்து. ஒத்துக்கறவங்க கை தூக்குங்க!"

எல்லாரும் தூக்கினார்கள். ஜோதம் இரண்டு கையையும் தூக்கினான்.

"அப்போ அரசரோட மரமும் மக்கள் மரம். அதைப் பாதுகாக்க ஒரு அதிகாரி வேணும். பைன் மரத்தை அளக்கத் தெரிஞ்சவர் யாரு?"

பின் வரிசையிலிருந்து ஒருவர் அடக்கமாக எழுந்தார். கைநெசவுக் கம்பளி, பொய்முடி இல்லாத வழுக்கை. பழைய குருடி கதவைத் திறடி என்று பெலெக் ஃப்ராஸ்டேதான்! அனுபவசாலி என்றார்கள். கை தூக்காதவன் அரசரின் ஆள் என்று பேராகிவிடும் என்பதால் ஜோதமும் தூக்கினான்.

மறுநாள் பெலெக் கோடாலியோடு வந்து, பழைய அம்புக்குக் கீழே மூன்று வெட்டு வெட்டிப் புதிய அம்பு போட்டார்.

"என்ன துரை, அதே அம்பு?"

"துரைன்னு கூப்பிடாதே. இப்ப எல்லாரும் சமம். ஐயான்னு கூப்பிடு. அதே அம்பா இது? நல்லாப் பாரு, தலைகீழ். அரசரோட அம்பு மேலே பார்க்கும். நம்ம அம்பு கீழே மக்களைப் பார்க்கும்."

"ஐயா, உளுத்த மரம்..."

"அதை மக்கள்தான் சொல்லணும்."

"நான்தானே மக்கள்?"

"நீ மக்கள்ல ஒருத்தன். மக்கள் வேற."

"அரசரும் இதைத்தானே சொன்னாரு?"

பெலெக்குக்கு உண்மையிலேயே மனசு புண்பட்டுவிட்டது. "அவரையும் நம்மையும் ஒண்ணாச் சொல்லலாமா? அவர் உன்னைக் கேட்காம உன் மரத்தை எடுத்தாரு. நாங்க உன்னைக் கேட்டு எடுத்திருக்கோம். இதுக்குத்தானேப்பா விரலைக் கொடுத்தே?"

ஜோதம் சபைக்கு விண்ணப்பம் போட்டான். சபை குழு அமைத்தது. குழு தேநீர் குடித்தது. மார்ச் மாதம், பனி உருகிக் காற்று சீறிக்கொண்டிருந்த ஒரு நாள், விண்ணப்பம் ஒருவழியாக விவாதத்துக்கு வந்தபோது, ஜெபக்கூடத்து வாசலில் பால் செம்பும் கையுமாக மெஹிட்டபெல் நின்றாள்.

"சபையில பொம்பளைங்க பேசக்கூடாதும்மா" என்றார் ஸாடாக்.

"நான் பேசலைங்க. மரமே பேசிடுச்சு. வீடு போச்சு."

சபை அப்படியே எழுந்து வந்து பார்த்தது. கூரை நடுவில் பிளந்து, கட்டில் இருந்த இடத்தில் மரம் படுத்திருந்தது. தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்ததால் மெஹிட்டபெல் பிழைத்தாள். பெலெக் மரத்தைத் தடவிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"மரம் விரிசல் விட்டிருக்கு. இந்த வீடு மட்டும் குறுக்கே இல்லேன்னா, மெத்துன்னு மண்ணுல விழுந்திருக்கும்."

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். ஜோதமுக்கு ரத்தம் கொதித்தது. கொட்டகையிலிருந்து கோடாலியை எடுத்து வந்தான்.

"ஜோதம்!" என்று ஸாடாக் அதட்டினார். "மக்கள் மரத்தை மக்கள் அனுமதி இல்லாம தொடக்கூடாதுங்கறவங்க கை தூக்குங்க!"

சுற்றிலும் கைகள் எழுந்தன. எல்லாக் கண்களும் ஜோதம் மேல் இருந்தன. கோடாலியைப் பிடித்துக்கொண்டு கை தூக்கினால் பார்க்க நன்றாக இருக்காது. அவன் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

மெஹிட்டபெல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோடாலியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள்.

"ஏம்மா, சட்டம் இருக்கு!" என்று பெலெக் பதறினார்.

"என்னை யாரு கேட்டா? அரசன் கேட்டானா, நீங்க கேட்டீங்களா? யாரைக் கேட்டீங்களோ அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க உங்க சட்டத்தை."

சபை திகைத்துப் போயிற்று. யாரிடம் ஒப்புதல் கேட்கவில்லையோ அவரைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று சொல்லித்தான் அவர்கள் ஏழு வருஷம் துப்பாக்கி தூக்கினார்கள். ஒரு கணம், அந்தச் சுதந்திர நாட்டில் சுதந்திரமாக இருந்த ஒரே ஆள் அவள்தான் என்று தோன்றியது. நல்ல வேளையாக ஸாடாக்குக்கு ஞானம் பிறந்தது. மனைவி செய்த குற்றத்துக்குக் கணவனே பொறுப்பு. அது பழைய அரசர் சட்டம்தான். ஆனாலும் நல்ல சட்டம்.

மரம் விறகானது. ஜோதமைச் சந்தையடியில் தொழுமரத்தில் பூட்டினார்கள். பூட்டுப் பலகையில் கீழே பார்க்கும் அம்பு புதிதாகச் செதுக்கியிருந்தது. சபை அவனைச் சுற்றிக் கூடி, ராஸ்பெர்ரித் தேநீர் குடித்தது. இந்தத் தண்டனை நியாயம்தான் என்பவர்கள் கை தூக்கவேண்டும் என்றார் ஸாடாக்.

தொழுமரத்தில் கால்களைத்தான் பூட்டுவார்கள். கைகள் சும்மாதான் இருக்கும். ஜோதமும் தூக்கினான்.