வளைவுக்கு ஒரு நேர்த்திக்கடன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கினேன். அம்மனுக்குப் பயந்து அல்ல. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது? மாமியாருக்குப் பயந்துதான். போன தீபாவளிக்கு அவரே, "எழுதுறதுன்னா எழுதுங்க மாப்பிள, கூட்டிக் கொறைச்சு மட்டும் எழுதாதீங்க" என்று உத்தரவு கொடுத்துவிட்டார். நான் அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில், இலங்கை மலையகத்தில், லிந்துலைக் கடைவீதியில் ஒரு மளிகைக் கடையில் எனக்கு வேலை. முதலாளியின் பழைய ஃபோர் வீல் ஜீப்புக்கு நான்தான் டிரைவர். லைசன்ஸ் கைக்கு வந்த புதிது. நடையே மாறிப்போயிருந்தது. நெற்றியில் விபூதி, அதற்கு மேலே சினிமாக்காரனைப் போல் சீவிய தலைமயிர். (அந்த மயிரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வினையே அதனால்தான்.)

ஜீப்பின் முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் கம்பிக்கு டை ராட் என்று பெயர். அதன் ஒரு முனை தேய்ந்துவிட்டது. புதுச் சாமான் கொழும்பிலிருந்து வரும்வரை மெக்கானிக் அதைக் கட்டுக்கம்பியால் சுற்றிவைத்திருந்தார்.

"டவுனுக்குள்ள மட்டும் ஓட்டு தம்பி. மலைக்கு ஏத்துன, மறுநா உன் படத்துக்கு மாலைதான்" என்றார் முதலாளி.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் என் மச்சான் சிவா, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து குறுக்குப் பாதையில் ஓடிவந்து கடை வாசலில் விழுந்தான். என் மனைவி பவானி தலைப்பிரசவத்துக்காக அங்கே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், தாய்வீட்டில் இருந்தாள்.

"மச்சான், அக்காவுக்கு வலி கண்டுருச்சு! தோட்டத்து லொறி ஃபெக்டரிக்குப் போயிருச்சு!"

முதலாளி ஜீப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தார். சாவியைத் தூக்கிப் போட்டார்.

ஏறும்போது ஜீப் தங்கமாக ஏறியது. லயத்து வாசலில் நிறுத்தி, தேவையில்லாமல் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தேன். மாமியார் வண்டியைச் சுற்றிவந்தார்.

"இது நம்ம புள்ளயக் கொண்டுபோய்ச் சேக்குமா மாப்பிள?"

"ஃபோர் வீல் அத்தை! செவுத்துலயே ஏறும்!"

"ஏற வேணாம். ஒழுங்கா எறங்குனாப் போதும்."

பவானியையும் மாமியாரையும் பின்னால் உட்காரவைத்து, சிவாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். முதல் வளைவிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஜீப் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. ஒருபக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், அடியில் மூடுபனி. என்னை அறியாமல் வாய் திறந்தது.

"தாயே மாரியம்மா, நூத்தியெட்டுத் தேங்கா ஒடைக்கிறேன்!"

ஜீப் திரும்பியது. அடடா, கேட்கிறாள்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த வளைவு இன்னும் மோசம். தேங்காய் போதாது என்று பட்டது.

"தாயே, சிவா தீ மிதிப்பான்!"

"மச்சான்! நானா?"

"பேசாத, திரும்பிருச்சு பாரு!"

"ஏங்க, நேந்துக்கிட்டது போதும், பிரேக்க அழுத்துங்க!" என்று வலிக்கு நடுவில் பவானி கத்தினாள்.

பிரேக்கை அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது வளைவில் கீழே 'டப்' என்று ஒரு சத்தம். கட்டுக்கம்பி போய்விட்டது. ஒரு சக்கரம் மலையைப் பார்த்தது, மற்றது பள்ளத்தைப் பார்த்தது. பாகப்பிரிவினை செய்த அண்ணன் தம்பி போல ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. இதற்குப் பெரிய நேர்த்தியாக வைத்தால்தான் முடியும்.

"தாயே, மொட்டை!" என்று அலறினேன். அலறிய மறுகணம் கண்ணாடியில் என் தலைமயிர் தெரிந்தது. பாவி வாய் தானாக முடித்துவிட்டது. "எங்க அத்தை போடுவாங்க!"

பின்சீட்டில் மாமியாரின் கை கொண்டைக்குப் போனது. ஜீப் மலைப்பக்கமாக இழுத்து, ரோட்டோரத் தண்ணீர்க் கானைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்குள் நுழைந்து, அப்படியே நின்றுவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் கிடையாது.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். எல்லாரும் மாமியாரோடு வேலை செய்பவர்கள். அவர்களை வேலை வாங்கும் கண்டாக்கு அய்யாவும் விசிலை வாயில் வைத்தபடியே வந்து, ஊத மறந்து நின்றார். "அடியேய், கூடைக் கயித்தக் கழட்டுங்கடி!" என்றார் மாமியார். தலையில் மாட்டும் கயிறுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. சிவா அடியில் படுத்து, கழன்ற முனையைக் கயிற்றால் இறுக்கிச் சுற்றினான். பெண்கள் தோள் கொடுத்து ஜீப்பை ரோட்டில் ஏற்றினார்கள்.

நான் ஏறப் போனேன். மாமியார் பொனட்டில் கையை வைத்து, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"தாயே, எம்புள்ள நல்லபடியாப் போய்ச் சேரட்டும். சேந்துட்டா, இந்த மனுசன் ஆயுசுக்கும் ஸ்டீயரிங்கத் தொட மாட்டாரு!"

"அத்தை! அது என் பொழப்பு!"

"அது என் தல!"

நான் ஏறி உட்கார்ந்தேன். கீழ்க் கியரில் ஆமை போல் இறங்கினோம். வளைவு வரும்போதெல்லாம் நான் ஸ்டீயரிங்கைத் திருப்ப, கூடவே நடந்து வந்த பெண்கள் முன்சக்கரத்தைக் காலால் உதைத்துத் திருப்பினார்கள். குலவை வேறு. எதிரே வந்தவர்கள் சாமி ஊர்வலம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். நானும் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன். (அந்த நேரத்திலும் புத்தி போகவில்லை.)

ஆஸ்பத்திரி வாசலில் சிங்கள நர்ஸ் நோனா கத்திய கத்தலில் பாதி சிங்களம், பாதி தமிழ். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மகள் பிறந்தாள். நான் வெளியே நின்று அழுதேன். சந்தோஷத்தில் பாதி. மீதி, வேலையை நினைத்து.

சாமிக்குச் சொன்ன வாக்கை மீற முடியுமா? அடுத்த திருவிழாவில் நான் நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்தேன், சிவா தீ மிதித்தான். மகளுக்கு முதல் மொட்டை அடித்தபோது, மாமியாரும் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைக் கொடுத்தார். சந்தனம் பூசிய இரண்டு மொட்டையும் சேர்ந்து நிற்கும் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நான் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, பருப்பு நிறுக்கப் போய்விட்டேன். இன்றுவரை ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

இப்போது மகள் கார் ஓட்டுகிறாள். நான் பக்கத்தில், மாமியார் பின்னால். அந்த மூன்றாவது வளைவு வந்ததும் வேண்டுமென்றே மெதுவாக்கி, "அப்பா, இன்னைக்கு யாரு தல?" என்பாள். பின்னால் மாமியார் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், இது அம்மன் காப்பாற்றிய கதை. ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். நேர்ந்தது நான், மொட்டை அவர். சிவா சொல்வதுபோல் நான் அழுதுகொண்டே ஜீப்பிலிருந்து குதிக்கப் பார்த்தேன் என்று யாரும் சேர்க்க வேண்டாம். கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான்.