பனிச்சறுக்குச் சப்பாத்துத் தெரிவுக் குழு

இந்தப் பூமியில் சரியான பொருளைத் தெரிவு செய்யத் தெரிந்தவர்கள் வெகு சிலர். அவர்களில் மூன்று பேர் மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில், பேரின்பநாதன் வீட்டு நிலக்கீழ் அறையில் கூடுவது அந்நகரம் செய்த பாக்கியம். குளிர்சாதனப் பெட்டி, வான், ஆறு பேர் இருக்கக்கூடிய சோபா, மூத்த மகள் பிரஷாந்தினிக்கு மாப்பிள்ளை, எல்லாம் அந்தத் 'தெரிவுக் குழு' ஏகமனதாக எடுத்தவை. மாப்பிள்ளையைத் தவிர மற்றவை இன்னும் வேலை செய்கின்றன. பிரஷாந்தினி நாலு வருடம் ரொறன்ரோவில் குடும்பம் நடத்திவிட்டு இரண்டு சூட்கேசுகளோடு திரும்பி வந்த விடயம் மட்டும் 'மீளாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை'.

இம்முறை விடயம் பனிச்சறுக்குச் சப்பாத்து. இளையவள் வினோஜாவுக்குச் சனிக்கிழமை காலை மலையில் பயிற்றுநர் தேர்வு. சித்தியடைந்தால் குளிர்காலம் முழுக்க வேலை. இரவல் சப்பாத்தில் சறுக்கிப் பழகியவள், சொந்தமாக ஒரு சோடி வாங்கப் போவதாகச் சாப்பாட்டு மேசையில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். குழு உடனே கூட்டப்பட்டது.

பேரின்பநாதன் தலைவர். பரம்பரையாகப் புடைவைக் கடை வைத்திருந்த குடும்பம். துணியை விரலால் தடவிய தடவலிலேயே விலையைப் பாதியாக இறக்கியவர்கள். மனைவி இந்திராதேவி 'வழிமொழிபவர்'. அவருடைய தம்பி ஸ்ரீதரன் 'தொழில்நுட்ப ஆலோசகர்'. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புரோசார்ட்டிலிருந்து பாலம் கடந்து வந்தார். மூவரும் ஒருநாளும் பனியில் சறுக்கியவர்கள் அல்லர். ஆனால் முப்பது வருடமாகப் பனியில் வழுக்கி விழுந்த அனுபவம் இருந்தது.

வியாழக்கிழமை கடையில் ஒரு பெண்மணி வினோஜாவின் பாதத்தை அளந்தார். இருபத்துநாலரைச் சென்ரிமீற்றர். இரண்டு சோடி கொண்டுவந்து வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. ஒரே விறைப்பு, ஒரே பாரம், ஒரே விலை. சிவப்புக்குக் குதிப்பக்கம் ஒடுக்கம், கறுப்பு கொஞ்சம் அகலம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று பிரெஞ்சில் விளக்கினார்.

வினோஜா சிவப்பைப் போட்டு முழங்காலை மடித்தாள்.

"அப்பா, இது அந்தமாதிரி இருக்கு. குதிக்கால் அசையவே இல்லை."

"விரல் முட்டுதோ?" என்றார் தலைவர்.

"நிமிர்ந்து நிண்டா முட்டும். மடிச்சா விலகும். அப்பிடித்தான் இருக்க வேணுமாம்."

"முட்டுற சப்பாத்தை ஆராவது காசு குடுத்து வாங்குவினமோ?"

ஸ்ரீதரன் கறுப்பைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு பெட்டிகளைக் கிளறி ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தார்.

"அத்தான், கறுப்பில இருபத்தாறரையும் இருக்கு. அதுக்கும் இதே விலைதான்."

குழு அந்தப் பெட்டியைச் சூழ்ந்துகொண்டது. ஒரே விலைக்குச் சின்னதை எடுக்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை.

"மாமா, எனக்கு இருபத்துமூண்டு வயசு. கால் இனி வளராது."

"ரெண்டு சொக்ஸ் போடலாம் பிள்ளை."

"கறுப்பெண்டா ஊத்தையும் தெரியாது," என்று இந்திராதேவி வழிமொழிந்தார்.

கடைப் பெண்மணி தலையை ஆட்டி ஏதோ சொன்னார். வினோஜா மொழிபெயர்த்தாள். "பெரிசா எடுத்தா, திரும்பேக்க சப்பாத்து மட்டும்தான் திரும்புமாம். கால் நேர போகுமாம்."

"சின்னது தேங்கிப்போய்க் கிடக்கு, அதைத் தள்ளிவிடப் பாக்கிறா," என்று தலைவர் வணிக இரகசியத்தை உடைத்தார். பிறகு அரை மணி நேரம் பேரம் பேசினார். விலை ஒரு சதமும் இறங்கவில்லை. ஆனால் இருபத்தாறரைக் கறுப்போடு ஒரு சோடி சொக்ஸ் இலவசமாகக் கிடைத்தது. வரலாற்று வெற்றி.

வெள்ளி பின்னேரம் வினோஜா அந்தச் சொக்ஸோடு இன்னொன்றையும் மாட்டி, சப்பாத்தைப் பூட்டி, நிலக்கீழ் அறையில் குழுவின் முன்னால் குந்திப் பார்த்தாள்.

"அப்பா, குதிக்கால் உள்ளுக்க எழும்புது. நாளைக்கு முதல் வளைவிலயே விழுந்துடுவன். கடை ஒன்பது மணிவரைக்கும் திறந்திருக்கு. மாத்திக்கொண்டு வருவம்."

"குழு எடுத்த முடிவு பிள்ளை. போடப் போடச் சரிவரும்."

படியில் நின்ற பிரஷாந்தினி இறங்கி வந்தாள். சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்த பற்றுச்சீட்டை எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தாள்.

"முப்பது நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாமெண்டு போட்டிருக்கு, அப்பா."

"அது சாமான் பிடிக்காதவைக்கு."

"எனக்குப் போகப் போகச் சரிவருமெண்டு சொன்னனீங்கள்." குரலை அவள் உயர்த்தவில்லை. "சப்பாத்துக்கு முப்பது நாள் குடுத்திருக்கிறாங்கள். எனக்கு எத்தனை நாள் தந்தனீங்கள்?"

அந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை. தலைவர் துணி தடவும் விரல்களால் சோபாவின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிரஷாந்தினி தங்கையின் சப்பாத்துப் பூட்டுகளைக் கழற்றி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். வினோஜா பின்னால் ஓடினாள். சற்று நேரத்தில் இந்திராதேவியும் எழுந்து போனார்.

"விடுங்கோ அத்தான்," என்று ஸ்ரீதரன் தேற்றினார். "இளையவளுக்குப் பாக்கேக்க இன்னும் பெரிய இடமா எடுப்பம்."

சிறந்த தீர்மானம். ஆனால் வழிமொழிய வேண்டியவர் குளிரங்கியைப் போட்டுக்கொண்டு, கடைக்குப் புறப்பட்ட மகள்மாரின் காரில் பின்சீற்றில் ஏறி இருந்துவிட்டார்.