இடுப்பில் கட்டிய கொழு

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. போடியில் எங்கள் தெருவுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்து வந்த முதல் மருமகள் நான். (என் பேரைத் தவிர வேறெதுவும் எழுத வராது. அதை யாரிடமும் சொன்னதில்லை.) அந்தத் திமிர்தான் என் வீட்டுக்காரர் வேலையைத் தின்றது.

வெள்ளைக்காரன் காலம். அவர் தபால் ஓட்டக்காரர். சலங்கை கட்டிய ஈட்டியும் தபால் பையுமாகப் போடியிலிருந்து குரங்கணி மலைக்கு வெறுங்காலோடு ஓடுவார். மறுநாள் இறங்குவார். மூன்றாம் வருஷம் முகம் வெளுத்து, நகம் வெளுத்து, ஓடி வந்த அன்றெல்லாம் நீர் கறுப்புக் காப்பி மாதிரி போனது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

"ஓடி ஓடி உள்ளங்கால்ல ரத்தம் நசுங்கி நீரோட போகுதும்மா. உடம்புல இரும்பு கொறஞ்சு போச்சு, இரும்பு சேரணும். வெளங்குச்சா?" என்றார் டாக்டர்.

"வெளங்காம என்ன?" என்றேன்.

கம்பவுண்டர் கொடுத்த மருந்து பல்லைக் கறுப்பாக்கியது. சாக்கடையில் ஊற்றினேன். தண்ணி மருந்துக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளை பெற்றவள் பக்கத்தில் இரும்பு வைப்பது காத்துக் கருப்பு அண்டாமல் இருக்கத்தானே? மலைப்பாதையில் ஏதோ அடித்திருக்கிறது, படித்தவர் நாசூக்காகச் சொல்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். அப்பா வீட்டிலிருந்து, ஏர் முனையில் மாட்டி உழுது தேய்ந்த இரும்புக் கொழு ஒன்றை வாங்கி வந்து, துணியில் சுற்றி அவர் இடுப்பில் கட்டினேன்.

"ஏ புள்ள, கையில ஈட்டி இருக்கே. அதுவும் இரும்புதான?"

"அது சர்க்கார் இரும்பு. இது நம்ம இரும்பு. பேசாம ஓடுங்க. டாக்டரே சொல்லிட்டாக."

எட்டு நாள் அதைச் சுமந்து ஓடினார். ஒன்பதாம் நாள் மலை வளைவில் விழுந்தார். கட்டிலில் தூக்கி வந்தார்கள். தபால் ஒரு நாள் தாமதம்.

டாக்டர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். "என்னம்மா இது?"

"நீங்க சொன்ன இரும்புங்க."

கம்பவுண்டர் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "இனிமே இவர் ஓடக் கூடாது" என்றார்.

வேலை வேறொருவருக்குப் போனது. இவர் தோட்டக் காவலுக்குப் போனார். உடம்பு தேறியது. ஆனால் விடியற்காலையில் அந்த ஆளின் சலங்கை தெருவைத் தாண்டும்போது, கையில் எடுத்த கஞ்சியைக் கீழே வைத்துவிடுவார். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. யாராவது கேட்டால் மட்டும், "இவளக் கட்டுனது பத்தாதுன்னு கொழுவையும் கட்டிக்கிட்டேன்" என்பார். வீடே சிரிக்கும். நான் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போவேன்.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. போன மாதம் எனக்கே ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். மருமகள் தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டினாள்.

"அத்தே, இது முழுங்குறது. இடுப்புல கட்டிக்கிறாதீக."

சிரித்தேன். ஆனால் சோற்றுக்கு முன்னாலா பின்னாலா என்று இரண்டு தரம் கேட்டுத்தான் வாயில் போட்டேன்.