கூற்று ஒன்று, கோழி ஒன்று

"ஏம்மா, கோழிக்கு டிக்கெட் எடும்மா" என்று கண்டக்டர் பூவரசன் மறுபடியும் கேட்டான்.

அம்மணி கூடையை மடியோடு அணைத்துக்கொண்டாள். கெடாரிலிருந்து கிளம்பி, விழுப்புரத்தில் பஸ் மாறி, திண்டிவனத்தில் மகள் வீட்டுக்குப் போகிறவள். "பொம்பளைங்களுக்குக் காசு வேணாம்னு இப்பத்தானே இனாம் டிக்கெட் கிழிச்சிக் குடுத்தே? இதுவும் பொட்டைதான். இதுக்கு மட்டும் இன்னாத்துக்குக் காசு?"

பூவரசனால் விட்டுக்கொடுக்க முடியாது. போன மாதம்தான் ஒரு டிக்கெட் விடுபட்டு மெமோ வாங்கியிருந்தான். இன்னொரு முறை மாட்டினால் சஸ்பென்ஷன் என்று டிப்போவில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பயத்தை மீறி ஓர் ஆர்வம் எட்டிப் பார்த்தது. சர்வீஸ் பரீட்சைக்கு அவன் படித்துக்கொண்டிருந்தது தர்க்கப் பாடம். பாடமே கூடையில் ஏறி வந்தால் விடுவானா?

"கூற்று ஒண்ணு, இந்த பஸ்ல பொம்பளைங்களுக்கு இலவசம். கூற்று ரெண்டு, கோழியும் பொம்பளை. முடிவு, கோழிக்கும் இலவசம்" என்று விரல் மடக்கினான். "ரெண்டு கூற்றும் உண்மைன்னா முடிவும் உண்மைதான். அதுல கோளாறு இல்ல. எந்தக் கூற்று பொய்யின்னுதான் பாக்கணும். ரெண்டாவது இடிக்குது. இது பொட்டைதானா?"

அம்மணி கூடையை மூடியிருந்த துண்டை விலக்கினாள். உள்ளே ஒரு முட்டை. பஸ்ஸே கைதட்டியது.

"சரி, பொட்டைதான். ஆனா பயணி இல்லியே?"

"பயணி இல்லாததுக்கு இன்னாத்துக்கு டிக்கெட்டு?" என்று பக்கத்து சீட்டிலிருந்து கேட்டாள் சகாயசெல்வி. அவள் மடியில் கைக்குழந்தை.

"லக்கேஜும்மா! சீட்ல உக்காராம அடுத்தவங்க மடியில வர்றதெல்லாம் லக்கேஜ்."

"அப்ப எம்புள்ளை லக்கேஜா?"

பிள்ளைக்காரிகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பூவரசன் அவசரமாக விளக்கத்தை மாற்றினான். "அப்டி இல்லம்மா. டிக்கெட் கேட்டா வாயத் தொறந்து பதில் சொல்லாதது லக்கேஜ்."

"பின்னாடி ஒருத்தர் குறட்டை வுட்டுக்கினு வர்றாரே, அவரத் தூக்கி மேல கட்டுங்க!" என்றது இன்னொரு குரல்.

லக்கேஜ் என்ற சொல்லுக்குள் கோழியை அடைத்தால் கூடவே பாதி பஸ் உள்ளே போய்விடுகிறது. பூவரசனுக்குத் தலை சுற்றினாலும் மனசு குளிர்ந்திருந்தது. தர்க்கத்தில் இத்தனை ஈடுபாடுள்ள பெண்களை அவன் பார்த்ததே இல்லை. அவன் கொஞ்சம் ஓய்ந்தால் யாராவது ஒருத்தி, "அப்ப ஆடுன்னா?" என்று ஆரம்பித்தாள். விக்கிரவாண்டியில் இறங்கியவர்கள்கூடப் படியில் நின்று ஒரு வாதம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

கடைசியில் அவன் நியாயத்துக்குக் கட்டுப்பட்டான். கோழிக்கும் ஓர் இனாம் டிக்கெட் கிழித்துக் கூடையில் செருகினான்.

கூட்டேரிப்பட்டில் செக்கர் ஏறினார். நேராகக் கூடையிடம் வந்தார். "இன்னாய்யா இது?"

பூவரசன் உற்சாகமாக எல்லாவற்றையும் விளக்கினான். "ரெண்டாவது கூற்றை எல்லாப் பக்கமும் சோதிச்சிட்டேன் ஸார். முட்டையே சாட்சி!"

செக்கர் பெண்கள் கையிலிருந்த டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். திரும்பி வந்து கேட்டார்: "மொதக் கூற்றை?"

"அதுல சோதிக்க இன்னா ஸார் இருக்குது?"

"நேத்து வரைக்கும் டவுன் பஸ்ல இருந்தியா?"

"ஆமா ஸார்..." என்றான் பூவரசன். பெண்களுக்கு இலவசம் இல்லாத அந்த வெளியூர் மொபசல் பஸ்ஸின் கண்ணாடியில் எழுதியிருந்த ஊர்ப்பெயர்களை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். நேற்றைய டவுன் பஸ்ஸிலிருந்து கொண்டுவந்த இனாம் டிக்கெட் கட்டைப் பைக்குள் திணித்தான்.

செக்கர் பேனாவைத் திறந்தார். பாவம் பார்த்து சகாயசெல்விதான் எழுந்தாள்.

"அவரு மேல தப்பில்ல ஸார். இது டவுன் பஸ் இல்லைன்னு அவருக்கு ஞாபகம் வந்துறக் கூடாதுன்னுதான், விழுப்புரத்துலேர்ந்து அவரக் கோழிய வுட்டு நவுரவே வுடாம நாங்க பேசிக்கினு வர்றோம்!"