சுவரில் தொங்குவது எல்லாம்

ஸ்டூல் மேல் நின்று, கழுத்தைத் தோள்வரை சாய்த்து, ஒன்பதாவது படத்தை எடுத்தார் ஃப்ரேம் கடைக்காரர். அதிலும் எழுத்து விழவில்லை. அவருடைய தொப்பைதான் தெளிவாக விழுந்திருந்தது.

"நான் போட்ட கண்ணாடி, பளபளக்காம என்ன செய்யும்?" என்றார் கண்ணாடி அறுப்பவர், பெருமையோடு.

வருடாந்தரப் படிவம் அனுப்ப இன்று மாலை ஐந்து மணி கெடு. வேலை நேரம், வார விடுமுறை, கூலி, பாதுகாப்பு என்று நாலு அறிவிப்புத் தாள்களை, அடியில் கடைப் பெயர் எழுதி, சுவரில் மாட்ட வேண்டும். அதைப் படம் எடுத்துப் படிவத்தோடு அனுப்ப வேண்டும். தவறினால் உரிமம் ரத்து, கடைக்குப் பூட்டு.

"டேப்பு வச்சு ஒட்டியிருந்தா காலையிலேயே முடிஞ்சிருக்கும். நீங்கதாண்ணே..."

"ஃப்ரேம் கடைச் சுவத்துல டேப்பா? நாலு பேரு பார்த்தா காறித் துப்ப மாட்டாங்க?"

விளக்கை அணைத்து எடுத்தார்கள். இருட்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றி எடுத்தார்கள். மின்விசிறிக் காற்றில் வார விடுமுறை பறந்துபோய்ப் பசை வாளியில் விழுந்தது. அதை வழித்து, துடைத்து, காயவைத்து, மறுபடி கண்ணாடி போட்டு மாட்டுவதற்குள் மணி மூன்றரை. கடைக்காரரின் கழுத்து சாய்ந்தபடியே பிடித்துக்கொண்டது.

"பின்னறையில பளபளக்காத கண்ணாடி ஒண்ணு கிடந்துது. வாங்க, தேடுவோம்."

இரண்டு பேரும் போனார்கள். தேடி எடுத்து, அளந்து, அறுத்துக்கொண்டு திரும்பினால் சுவரில் நாலு ஆணிதான் இருந்தது.

கல்லாவில் உட்கார்ந்திருந்த மைத்துனன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "மாமா, நாலையும் தள்ளி விட்டுட்டேன்!"

"எதை?"

"நாலு ஃப்ரேமையும். ஒரு அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. 'உள்ள இருக்கிற தாளோட அப்படியே குடுப்பா'ன்னாங்க. பேரம்கூடப் பேசல!"

"அட பாவி, அது நம்ம நோட்டீஸ்டா!"

"நீங்கதானே மாமா மொத நாளே சொன்னீங்க, இந்தச் சுவத்துல தொங்குறது எல்லாம் விக்கிறதுக்குத்தான்னு? போன வாரம் கடிகாரத்தை வித்தப்போ தட்டிக் குடுத்தீங்களே!"

மணி பார்க்கத் திரும்பிய கடைக்காரர், அங்கே கடிகாரம் இல்லாததைப் பார்த்துவிட்டு, தாள் கொடுத்த தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஓடினார்.

மூன்றாவது மாடி. அதிகாரியின் மேஜைக்கு எதிரே, எதையோ ஒட்டுக் கேட்பவர் மாதிரி தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்தார்.

"சார், இன்னொரு செட் தாள் மட்டும் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தீர்ந்து போச்சு. கடைசி செட்டை நேத்து உங்களுக்குத்தானே குடுத்தேன்? அது எங்க?"

"வித்துப் போச்சு சார்."

"வித்துப் போச்சா?" அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நோட்டீஸ எவன்யா காசு குடுத்து வாங்குவான்? முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு புளுகை நான் கேட்டதில்ல."

"சத்தியமா சார். தங்க நிறத்துல ஃப்ரேம் போட்டு..."

"ஃப்ரேம் போட்டு மாட்டுற லட்சணத்தை என்கிட்டயே சொல்றீங்களா? உங்க பின்னாடி சுவரைப் பாருங்க. ஒரு அலுவலகம்னா அப்படி இருக்கணும்."

கழுத்து திரும்பவில்லை. "பார்த்தேன் சார். பிரமாதம்," என்றார் கடைக்காரர், மேஜையைப் பார்த்தபடி.

"பிரமாதம்னு வாயில சொன்னாப் போதாது. கடையில செஞ்சிருக்கணும்." அதிகாரி கோப்பை இழுத்து, பேனா மூடியைத் திறந்தார். 'உரிமம்' என்று எழுதி, 'ர'வைத் தொடங்கினார்.

கதவைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க உள்ளே வந்தார் அலுவலகத்தைப் பெருக்கும் அம்மா.

"ஐயா, மேலிடத்து ஆளுங்க சோதனைக்குப் படியேறி வந்துட்டிருக்காங்க! 'எங்கிருந்தாவது கொண்டா'ன்னு நீங்க விரட்டினதுல அவசரத்துக்கு வாங்கிட்டு வந்து மாட்டினேனே, அந்த நாலு ஃப்ரேம்லயும் அடியில ஏதோ கடை பேரு எழுதியிருக்குய்யா, துணி போட்டு மூடிடவா?"