நான் கொன்ற எழுத்தாளர்

புத்தகத்தைப் பாதி படித்துவிட்டுப் பேசப் போனால் ஓர் உயிரே போய்விடும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான். போனது என் உயிரல்ல. குழந்தைகளுக்கு மாயாஜாலக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற ஒரு வெளிநாட்டு அம்மையாரின் உயிர். (பெயர் வேண்டாம். அவருக்கு நான் செய்தது போதும்.)

எனக்குப் பெண் பார்த்த சமயம். பெண் மலர்விழி, குரங்கணியில் ஆசிரியை. நான் போடியில் ஏலக்காய் வியாபாரி. தனியாகப் பேசக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“அந்தம்மா கதையெல்லாம் படிச்சிருக்கீங்களா?”

“கரைச்சுக் குடிச்சிருக்கேங்க” என்றேன். (அதுவரை நான் கரைத்துக் குடித்தது சத்துமாவு மட்டும்தான்.)

“அப்ப வெள்ளிக்கிழமை எங்க பிள்ளைககிட்ட அவங்க வாழ்க்கையைப் பத்திப் பேசுங்க. கேட்டுட்டு எங்கப்பாகிட்ட என் முடிவைச் சொல்றேன்.”

நூலகத்தில் அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்து வந்தேன். நான்கு நாள் அது கடைத் தராசுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்த பிறகுதான் முதல் பக்கத்தைத் திறந்தேன்.

அம்மையார் பிறந்தார், மலைப்பாதையில் ஒரு வளைவு. பள்ளிக்குப் போனார், இன்னொரு வளைவு. முப்பது வயதில் கடும் காய்ச்சலில் விழுந்தார், மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்ற இடத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

“தம்பி, மொதல்ல அந்தப் பொஸ்தகத்தை மூடுங்க! எங்க சேலை பாழாப் போயிரும்” என்று அலறினார் பக்கத்திலிருந்த அக்கா.

மூடிவிட்டேன். மருத்துவர்களே கைவிரித்த பிறகு படிக்க என்ன இருக்கிறது? போனில் பார்க்கலாமென்றால் சிக்னல் இல்லை.

பேச்சு பிரமாதமாகப் போனது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “முப்பதே வயசுல அந்த மகராசி போய்ச் சேந்துட்டாங்க. எல்லாரும் எந்திரிச்சு ஒரு நிமிசம் மௌனமா நிப்போம்” என்றேன். தலைமை ஆசிரியர்கூடக் குழப்பத்தோடு எழுந்துவிட்டார். எனக்கே கண் கலங்கியது.

மௌனம் முடிந்ததும் நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கை தூக்கினாள். “சார், மொதக் கதையே நாப்பது வயசுலதான் எழுதுனாங்கன்னு டீச்சர் சொன்னாங்களே. செத்துட்டு எப்படி சார் எழுதுனாங்க?”

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

“அதுதாம்மா மாயாஜாலம்” என்றேன்.

பள்ளிக்கூடமே சிரித்தது. மலர்விழி கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. அழுகிறார், சம்பந்தம் போச்சு என்று அவமானத்தில் வெளியே ஓடினேன். ஜீப்பு வரும்வரை மரத்தடியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். அடுத்த பக்கத்திலேயே அம்மையார் கஞ்சி குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“படிச்சாச்சா?” தலைக்கு மேலே மலர்விழியின் குரல். சிரித்துச் சிரித்து அவர் கண் சிவந்திருந்தது.

“இப்பத்தான்... பொழச்சுட்டாங்க.”

“மிச்சத்தையும் முடிச்சுட்டு வீட்டுக்கு வாங்க. எங்கப்பாகிட்டச் சொல்லி வைக்கிறேன்.”

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடமாகிறது. போன வாரம் எனக்குக் காய்ச்சல். போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். இந்தக் கதையை அம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கும் மகள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள்: “அம்மா, அப்பாவுக்குக் காய்ச்சல். எந்திரிச்சு நிக்கணுமா?”

“இருடி, மொதல்ல கஞ்சியைக் குடிக்கட்டும்” என்று பதில் வந்தது.