வரவேற்பறைப் பலகையில் அண்டை நிலத்தார்

அன்புள்ள தம்பிக்கு, அண்ணன் எழுதிக்கொண்டது. நானும் உன் அண்ணியும் சுகம். நீ சுகமாக இருப்பது வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிவதால் தனியாக விசாரிக்கவில்லை.

உன் பண்ணை விடுதியின் ஆண்டு விழாவுக்கு வரக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் அண்ணிதான், "தம்பி நேர்ல வந்து கூப்பிட்டிருக்கு, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம போயிட்டு வாங்க" என்று சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். வந்தேன். வரவேற்பறைச் சுவரில் 'எங்கள் வரலாறு' என்று ஆளுயரத்துக்கு ஒரு பலகை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். வயிறு எரிந்தது. நீ கொடுத்த எலுமிச்சைச் சாற்றுக்கும் அது அடங்கவில்லை.

'ஆரம்பம் முதலே ஒரு துளி நஞ்சும் படாமல் நிறுவனர் இந்த மண்ணைக் காத்தார்' என்று போட்டிருக்கிறாய். காத்தாயா? அடேய், அப்பா நிலத்தைப் பிரித்துக் கொடுத்த நாளிலிருந்து நான் விடிந்ததும் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடித்துக்கொண்டிருந்தேன், நீ மரத்தடியில் குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய், "உன் பயிருக்கும் அடிடா, பூச்சி திங்குது" என்று நான் தொண்டை கிழியக் கத்தினால், "அதுவும் ஒரு உசுருதானேண்ணே, தின்னுட்டுப் போகட்டும்" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தாய். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு இன்றைக்குப் பெயர் இயற்கை வேளாண்மை. அதற்கு ஒரு சான்றிதழ், அதற்கு ஒரு கண்ணாடிச் சட்டம்! என் தக்காளியில் ஒரு புழு இருந்தால் வியாபாரி கூடையோடு திருப்பி அனுப்புகிறான். உன் தக்காளியில் நெளிந்தால் நகரத்து விருந்தாளிகள் "ஐ, நிஜப் புழு!" என்று சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள்.

அடுத்து, 'குதிரைகள் மீது கொண்ட தீராக் காதலால்' லாயம் அமைத்தாயாம். நம்மூர்க் குதிரைவண்டிக்காரர் தன் கிழட்டுக் குதிரையை உன் தலையில் கட்டப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்ல எழுந்திருக்க வேண்டுமே என்று நீ படுத்தபடியே தலையாட்டினாய், இதுதான் உன் காதல். அதுவும் உன்னை மாதிரியே, நடக்கச் சொன்னால் நிற்கும். அதன் மேல் குழந்தைகளை உட்காரவைத்துப் 'பாதுகாப்பான சவாரி' என்கிறாய். நகராத குதிரை பாதுகாப்பாக இல்லாமல் வேறென்ன செய்யும்?

இதெல்லாம் போகட்டும். கடைசி வரிதான் என்னால் தாங்கமுடியவில்லை. 'அண்டை நிலத்தார் ஒருவரின் ஏளனத்தையும் பொறுத்துக்கொண்டு நிறுவனர் முன்னேறினார்.' யாருடா அண்டை நிலத்தார்? ஒரே தட்டுல சாப்பிட்டு, ஒரே பாயில உதைச்சுக்கிட்டு வளர்ந்தவன் உனக்கு அண்டை நிலத்தாரா? சமையல்காரர் பேர் இருக்கு, தோட்டக்காரம்மா பேர் இருக்கு, அந்தக் கிழட்டுக் குதிரைக்குக்கூடப் படம் இருக்கு. எனக்கு ஒரு எழுத்து இல்ல. உன் மேனேஜரிடம் கேட்டால், "கதைன்னா ஒரு வில்லன் வேணும்ல ஐயா" என்று பல்லைக் காட்டுகிறான்.

ஆகவே, கடிதம் கண்டதும் அந்த வரியைச் சுரண்டி எடு. இல்லையென்றால் வேலியை எடுத்துவிட்டு மதில் எழுப்புவேன். உன் விருந்தாளிகள் சாயங்காலம் பார்க்கிற சூரியன் என் நிலத்துப் பக்கம்தான் இறங்குகிறது, ஞாபகம் இருக்கட்டும்.

இது பொறாமை இல்லை. பொறாமையாகவே இருந்தாலும் மூத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. நீயும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
அண்டை நிலத்தார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது வேலியோரம் உன் விருந்தாளிகள் கூட்டமாக வந்து நின்றார்கள். "நீங்கதான் அந்த ஏளனம் பண்ணவரா? எங்களையும் கொஞ்சம் பண்ணுங்களேன்!" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில், "காசு கொடுத்துச் சாணி அள்ள வந்திருக்கியே, வீட்ல அம்மா சொன்னப்ப ஒரு தட்டாவது கழுவியிருப்பியா?" என்று ஒருவனைக் கேட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்! என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள், நாளைக்கும் வருகிறார்களாம். அதனால் அந்த வரியில் கைவைக்காதே. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கு, என் வாசலைக் காட்டி ஓர் அம்புக்குறியும் போடு. 'அண்டை நிலத்தார்' என்பதை மட்டும் அழித்துவிட்டு 'அண்ணன்' என்று எழுது. இத்தனை வருஷம் வேலை மெனக்கெட்டு உன்னைத் திட்டினது யாரோ ஒருத்தன்னு அவங்க நினைச்சுட்டா எனக்கு எப்படி இருக்கும்?